முன்பணம் கட்டிய பசி

முதுகலைப் பொருளியல், இரண்டாம் ஆண்டு

பந்திக்கு முந்து என்று சொன்ன நம் முன்னோர், பந்திக்கு எத்தனை நாள் முன்னால் பணம் கட்டலாம் என்பதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்கள் காலத்தில் பந்தியில் பணம் கேட்பாரும் இல்லை. இன்றோ, உண்ணப்போகும் உணவுக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே விலையைக் கொடுத்துவிட்டு, அதன்பின் பசியைத் தேடிப் புறப்படும் காலம் வந்திருக்கிறது. கடல் கடந்த ஒரு கேளிக்கைப் பூங்காவின் முன்பண உணவுத் திட்டத்தைப் பற்றி எழுத, அந்தப் பூங்காவைக் கண்ணால் கண்டிராத எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றே ஒன்றுதான். அத்திட்டத்தை வாங்கலாமா, கூடாதா என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு 2024ஆம் ஆண்டில் என் தலையில் வந்து விழுந்தது.

என் அக்காவும் அத்தானும் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் இருக்கிறார்கள். படிப்புக் கடன் அடைந்து, கைக்குழந்தை நடக்கத் தொடங்கி, அக்காவுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்த பிறகு, அம்மாவையும் அப்பாவையும் முதன்முறையாக அங்கே அழைத்துக்கொண்டார்கள். எல்லோருமாகக் காரில் புளோரிடா மாநிலத்துக்குப் போய், மூன்று இரவு தங்கி, டிஸ்னி வேர்ல்டு பார்த்துவருவதென்று ஏற்பாடு. ஒரு நாள் இரவு அக்கா அலைபேசியில் அழைத்தாள்.

“நீதான் எகனாமிக்ஸ் படிக்கிறியே. சாப்பாட்டுக்கு ஒரு பிளான் இருக்குன்னு சொல்றாங்க. வாங்கினா லாபமா நஷ்டமான்னு பார்த்துச் சொல்லு. அம்மாவை நினைச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு.”

லாபமும் நஷ்டமும் பேனாவுக்கு அடங்குகிற சங்கதி. அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இடத்தை முதலில் சொல்ல வேண்டும். ஆர்லாண்டோ நகருக்கு அருகே 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்ட அந்தக் கேளிக்கை உலகம் ஏறக்குறைய நூறு சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. நான்கு பெரும் பூங்காக்கள், இருபதுக்கும் மேற்பட்ட தங்கும் விடுதிகள். பூங்காவைவிட்டு வெளியே வந்து, தெருமுனையில் இரண்டு இட்லி தின்றுவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணினால் அங்கே தெருமுனை இல்லை. பசி உள்ளேயே எழுந்து உள்ளேயே தணிய வேண்டும். இந்தப் பூகோளம்தான் திட்டத்துக்கு அடித்தளம்.

2005ஆம் ஆண்டில் இன்றைய வடிவில் தொடங்கிய அந்தத் திட்டம், 2020இல் கொள்ளைநோயால் பூங்காக்கள் மூடப்பட்டபோது நின்றுபோய், 2024 ஜனவரியில் மீண்டும் வந்தது. விடுதியில் அறை எடுப்போருக்கு மட்டுமே இது கிடைக்கும். அறையில் உள்ள மூன்று வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ஒரே வகைத் திட்டத்தைத்தான் வாங்க வேண்டும். எனக்கு வேண்டும், அப்பாவுக்கு வேண்டாம் என்பதற்கு இடமில்லை. வகை இரண்டு. சிறிய திட்டத்தில் தங்கும் இரவு ஒன்றுக்கு, நாமே வரிசையில் நின்று வாங்கும் கடைகளில் இரண்டு வேளை உணவும், ஒரு சிற்றுண்டியும். பெரிய திட்டத்தில் அப்படி ஒரு வேளை, மேசையில் அமர்த்திப் பரிமாறும் உணவகத்தில் ஒரு வேளை, ஒரு சிற்றுண்டி. இரண்டிலும், விடுதியில் எத்தனை முறை வேண்டுமானாலும் குளிர்பானமோ காபியோ நிரப்பிக்கொள்ள ஒரு குவளையும் உண்டு. 2024இல் பெரியவர் ஒருவருக்கு, இரவு ஒன்றுக்குச் சிறிய திட்டம் 57.01 டாலர், பெரிய திட்டம் 94.28 டாலர். மூன்று முதல் ஒன்பது வயதுவரை உள்ள குழந்தைக்கு முறையே 23.83, 29.69. மூன்று வயது நிறையாத பிள்ளை பெற்றோர் தட்டிலிருந்து உண்ணலாம். எங்கள் வீட்டுக் குட்டிக்கு அப்போது இரண்டு வயது. குடும்பத்திலேயே இலவசமாகச் சாப்பிடக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவளுக்கோ சோறு என்றாலே வேப்பங்காய்.

இப்படி வாங்கிய வேளைகள் கண்ணுக்குத் தெரியாத டோக்கன்களாக விருந்தினர் கணக்கில் ஏறிவிடும். கையில் கட்டிய பட்டையைக் கருவியில் தொட்டால் ஒரு டோக்கன் கழியும். பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. விடுதியைக் காலிசெய்யும் நாளின் நள்ளிரவோடு, செலவழியாத டோக்கன்கள் காலாவதியாகும். மிஞ்சியதற்குப் பணம் திரும்ப வராது. விடுதி மாணவர்களுக்கு ‘டிவைடிங்’ முறை தெரியும். மாதம் முழுதும் உண்டுவிட்டு, ஆன செலவைத் தலைக்கு வகுப்பது அது. இது அதற்கு நேர் தலைகீழ். முதலில் வகுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு உண்பது.

பொருளியல் மாணவர் எவரும் டிஸ்னியின் பெயரை வகுப்பிலேயே கேட்டிருப்பார். அந்தப் பூங்கா திறந்த அதே 1971இல் வால்ட்டர் ஓய் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர், கலிபோர்னியாவிலுள்ள பழைய டிஸ்னிலாந்தை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். போட்டியற்ற ஒரு கேளிக்கைக்காரர் நுழைவுக்குப் பணம் வாங்க வேண்டுமா, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியாக வாங்க வேண்டுமா என்பது கேள்வி. ராட்டினத்தை அடக்கவிலைக்குக் கொடு, ஆதாயத்தை வாசலில் வாங்கிக்கொள் என்பது, சுருங்கச் சொன்னால், அவர் கண்ட விடை. எல்லோருடைய விருப்பமும் ஒன்றாக இல்லாதபோது அந்த விடை சிக்கலாகும் என்றும் அவர் காட்டினார். (ஓய் கண்பார்வை இழந்தவர். ராட்டினத்தைப் பற்றி உலகம் மறக்காத கட்டுரையை எழுதியவர் அவர் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை எழும்.)

அந்நாளில் டிஸ்னிலாந்தில் சீட்டுப் புத்தகம் விற்றார்கள். ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து தரம். ‘இ’ சீட்டுக்குத்தான் மிக விறுவிறுப்பான விளையாட்டுகள். ‘ஏ’ சீட்டுக்குக் குதிரை வண்டி போன்ற சாதுவானவை. மக்கள் ‘இ’ சீட்டுகளை ஓடி ஓடிச் செலவழித்துவிட்டு, மிஞ்சிய ‘ஏ’, ‘பி’ சீட்டுகளை வீட்டு மேசையறையில் போட்டு வைத்தார்கள். 1982இல் சீட்டுப் புத்தகம் ஒழிந்து, வாசலில் ஒரே கட்டணம் என்றாயிற்று. ராட்டினத்துக்கு 1982இல் நேர்ந்ததுதான் 2005இல் சோற்றுக்கும் நேர்ந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ராட்டினத்தில் இன்னொருவர் ஏறி அமர்ந்தால் கூடுதல் செலவு ஏதுமில்லை. இன்னொரு தட்டுச் சோற்றுக்கு அரிசி வேண்டும். ஆகவேதான் உணவுத் திட்டம் ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்று சொல்லாமல், எண்ணி எண்ணி டோக்கன் கொடுக்கிறது. ராட்டினத்தில் ஒழிந்த சீட்டுப் புத்தகம் சாப்பாட்டில் மறுபிறவி எடுத்திருக்கிறது.

இனி எங்கள் கணக்கு. பெரியவர் நால்வர், இரவு மூன்று. சிறிய திட்டம் 684.12 டாலர். பெரிய திட்டம் 1131.36 டாலர். டாலர் 83 ரூபாயை ஒட்டி இருந்த நேரம். முதலாவது ஏறக்குறைய 56,800 ரூபாய். இரண்டாவது 94,000க்குச் சற்றுக் குறைவு.

சிறிய திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுப் பட்டியல்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் சைவம். சைவத் தட்டு ஒன்று பன்னிரண்டு, பதினான்கு டாலருக்குள் முடிந்துவிடும். ஒரு வேளை உணவு என்பதில் ஒரு பானமும் அடக்கம், அதில்தான் சூட்சுமம். இருபத்தொரு வயது கடந்தவர் பீரோ, மதுக் கலவையோ அந்த டோக்கனிலேயே வாங்கிக்கொள்ளலாம். விலை உயர்ந்த இறைச்சித் தட்டும், வேளைக்கு ஒரு மதுக் கோப்பையும் எடுப்பவருக்குத் திட்டம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். காய்கறிச் சோற்றோடு தண்ணீர் குடிப்பவருக்குக் கொடுக்காது. தண்ணீரோ, கடைகளில் கேட்டாலே பனிக்கட்டி போட்டுக் குவளையில் இலவசமாகத் தருகிறார்கள். ஆக, அப்பாவின் உணவு ஒரு நாளைக்கு வரியோடு சேர்த்து 35 டாலரைத் தாண்டாது. அதற்கு 57.01 கட்டுவானேன்? அறுபத்தாறு வயதில் அவரைக் குடிக்கப் பழக்கினால் மட்டுமே இத்திட்டம் கட்டுபடியாகும் என்று அக்காவுக்கு எழுதினேன்.

பெரிய திட்டம் வேறு மாதிரி. மிக்கி மவுஸ் முதலிய பாத்திரங்கள் வேடமிட்டு மேசைக்கு மேசை வந்து குழந்தைகளைக் கொஞ்சும் விருந்துகள் சில உண்டு. ‘செஃப் மிக்கிஸ்’ என்பது பேர்போனது. பெரியவர் ஒருவருக்கு இரவு விருந்து அறுபது டாலருக்கு மேல். நாள்தோறும் இப்படி ஒரு விருந்துக்குப் போனால் 94.28 கட்டியது ஏறக்குறையச் சரியாகிவிடும். குழந்தைக்கென்றால் சந்தேகமில்லாமல் லாபம். அந்த விருந்தில் குழந்தைக்கே நாற்பது டாலரை ஒட்டி வரும்போது, திட்டத்தில் ஒரு நாள் முழுவதற்கும் 29.69தான். ஆனால் பரிமாறுபவருக்குத் தரும் அன்பளிப்பு திட்டத்தில் சேராது. நூற்றுக்குப் பதினெட்டு, இருபது என்று தனியே வைக்க வேண்டும். சில உயர்தர உணவகங்களில் ஒரு வேளைக்கு இரண்டு டோக்கன் கழிப்பார்கள். இடம் வேண்டுமென்றால் அறுபது நாளுக்கு முன்பே பதிந்துகொள்ளலாம். நல்ல இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். இரண்டு மாதம் கழித்து வரும் ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்குத் தனக்குப் பசிக்கும் என்று இன்றைக்கே எழுதிக் கொடுக்க யாரால் முடியும்? எங்கள் அப்பாவால் முடியும். அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டு எழுத்தராக இருந்தவர். மற்றவர்களால் முடியாது.

கணக்கு இங்கே முடிந்தது. வாங்க வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். அக்கா உடனே திரும்ப அழைத்தாள். “கணக்கு சரிதான்டா. அம்மாவுக்கு என்ன பண்றது?”

அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். அமெரிக்கா போன இரண்டாம் வாரம், ஒரு நாள் எல்லோரும் வெளியே போயிருக்கிறார்கள். மதிய உணவுக் கடையில் பலகையைப் பார்த்த அம்மா, விலையை மனத்துக்குள் எண்பத்துமூன்றால் பெருக்கியிருக்கிறார். “எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க” என்றிருக்கிறார். பெற்றோர் சொல்லும் பொய்களில் மிகப் பழையது இதுதான் போலும். மாலையில் காரில் வரும்போது வியர்த்து, கண் இருட்டி, அக்கா பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். பூங்காவில் ஒரு நாளைக்குப் பத்து மணிநேரம் நடக்க வேண்டும். ஒவ்வொரு கடை வாசலிலும் விலைப்பலகை. “ஒரு தட்டுச் சோறு ஆயிரத்து எண்பது ரூபாயா?” என்று அம்மா ஒதுங்கி நின்றால்? பிளான் வாங்கிவிட்டால் பலகையைப் பார்க்க வேண்டியதே இல்லை, காசு கொடுத்தாயிற்று என்ற ஒரு சொல்லுக்கு அம்மா கட்டுப்படுவார் என்பது அக்காவின் கட்சி.

இதை வெறும் மகளின் பாசம் என்று தள்ளிவிட முடியாது. 1998இல் டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்னும் இருவர், பணம் கொடுப்பதில் உள்ள வலியைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். நுகரும்போதே விலை நினைவுக்கு வந்தால் நுகர்ச்சியின் இன்பம் குறைகிறது. முன்கூட்டியே கொடுத்துவிட்டால், நுகரும் வேளையில் அது இலவசம் போலவே தோன்றுகிறது. விடுமுறைச் செலவு போன்றவற்றை மக்கள் முன்னதாகவே கட்டிவிட விரும்புவது இதனால்தான் என்பது அவர்கள் கருத்து. மனத்துக்குள் நாம் நடத்தும் கணக்குப் புத்தகத்தைப் பற்றி 1985லேயே எழுதிய ரிச்சர்டு தேலருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கா இவற்றில் எதையும் படித்தவள் அல்லள். அம்மாவைப் படித்தவள்.

ஆகவே நான் இட்ட கேள்வியையே மாற்ற வேண்டியிருந்தது. திட்டம் விற்பது உணவை மட்டும் அன்று. விலை கண்ணில் படாமையை அது விற்கிறது. எங்களுக்கு அந்தப் படாமையின் விலை, நாள் ஒன்றுக்கு ஆள் ஒன்றுக்கு இருபத்திரண்டு டாலர். நால்வரும் வாங்கியாக வேண்டுமென்பதால், விலையைக் கண்டு அஞ்சாத அத்தானுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அம்மா ஒருவர் வேளைக்கு உண்பதற்காக மூன்று நாளில் ஏறக்குறைய 270 டாலர். அம்மாவின் உடல்நலத்துக்கு முன் அது பெரிதா என்று அக்கா கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் அதே அமைதி வேறு வழியில் கிடைக்குமானால், 270 டாலரை ஏன் விட வேண்டும்?

அப்பா ஒரு யோசனை சொன்னார். “காசு கொடுத்தாச்சுன்னு தெரியணும், அவ்வளவுதானே? அதை நீயே செய்யேன்.” டிஸ்னி நிறுவனமே விற்கும் பரிசு அட்டை ஒன்று உண்டு. எவ்வளவு பணம் வேண்டுமோ அவ்வளவை அதில் போட்டு வாங்கலாம். அந்தப் பூங்காவின் கடைகளில் செல்லும், மளிகைக் கடையில் செல்லாது. அக்கா 350 டாலருக்கு ஓர் அட்டை வாங்கி அம்மாவின் கையில் கொடுத்தாள். “இது முழுக்கச் சாப்பாட்டுக்கு. வாங்கியாச்சும்மா. இந்தியா போனா இது வெறும் பிளாஸ்டிக்.”

இன்னொன்றும் செய்தார்கள். வெளியிலிருந்து உணவு கொண்டுவர அந்தப் பூங்காக்களில் தடையில்லை; கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. அட்லாண்டாவிலிருந்து கிட்டத்தட்ட எழுநூறு கிலோமீட்டர் தூரமும் காரின் பின்னால் ஒரு தூக்குப் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் பயணம் செய்தன. அறையில் சிறிய குளிர்பெட்டி இருந்ததால் தயிர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலை உணவு இப்படியே முடிந்தது. சிறிய திட்டத்தில் நாளுக்கு இரண்டு வேளைதான் அடக்கம், காலைக்கு எப்படியும் தனி ஏற்பாடு வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அட்டை கைக்கு வந்ததும் அம்மா ஆளே மாறிவிட்டார் என்று அத்தான் சொன்னார். பலகையைப் பார்த்தார், பெருக்கவும் செய்தார், ஆனால் ஒதுங்கி நிற்கவில்லை. குடும்பத்துக்குப் பரிமாறுகிற உரிமை கைக்கு வந்துவிட்டதல்லவா! பசிக்கிறதா என்று மற்றவர்களைக் கேட்டு, தாமே வரிசையில் நின்று, அட்டையை நீட்டி, மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் அக்காவை விட்டுக் கேட்கச் சொன்னார். வலி முழுக்கப் போகவில்லை, பாதி போயிற்று. சாப்பாடு வேளைக்கு நடந்தது. இரண்டாம் நாள் மாலை, ஆப்பிரிக்க விலங்குகள் மேயும் புல்வெளியை ஒட்டிய ஒரு விடுதியில் ‘சனா’ என்ற உணவகத்துக்குப் போனார்கள். அங்கே நாண் வகைகளோடு மாங்காய்ச் சட்னி, வெள்ளரிப் பச்சடி, ஊறுகாய் என்று ஒன்பது வகை தொட்டுக்கொள்ள வரும். சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி, தட்டில் ஊறுகாய். அந்தப் புகைப்படம் எங்கள் வீட்டில் அரிசி வியாபாரி வரை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

மொத்தம் 334 டாலர் ஆயிற்று. சிறிய திட்டத்தில் பாதிக்கும் குறைவு. மீதி 16 டாலருக்கு அம்மா எனக்கு ஒரு காபிக் குவளை வாங்கி வந்தார். மிக்கி படம் போட்டது. இதை எழுதும்போதும் அதில்தான் குடிக்கிறேன்.

ஆனால் கணக்கின் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதை நான் எழுதவில்லை, அப்பா சொன்னார். அந்தப் பாத்திரங்கள் வரும் விருந்துக்கு அவர்கள் போகவில்லை. அட்டையிலிருந்து நால்வருக்கு ஒரே வேளையில் இருநூற்று நாற்பது டாலருக்கு மேல் போவதை அம்மா எப்படிச் சம்மதிப்பார்? பெரிய திட்டம் வாங்கியிருந்தால் ஆளுக்கு ஒரு டோக்கன், யோசிக்காமல் போயிருப்பார்கள். “அந்தப் பிள்ளை எலிகூட உக்காந்து சாப்பிட்டிருக்கும். அதுக்கு மறுபடி ரெண்டு வயசு வருமா?” என்றார் அப்பா. இருநூற்று நாற்பது மிச்சம் என்று நான் எழுதிய வரிக்கு எதிரே இதை எந்தத் தொகையாக எழுதுவது என்று பேராசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இப்போது நியூ ஜெர்சியிலிருக்கும் பெரியப்பா மகன் அதே பூங்காவுக்குப் போகப்போகிறார். அவர் கேட்டபோது நான் பழைய தாளை அனுப்பவில்லை. அவர் வீட்டுக் கதையே வேறு. ஐந்தும் எட்டும் வயதான இரண்டு பையன்கள், நால்வரும் அசைவம், அண்ணனுக்கு மாலையில் ஒரு பீர் வேண்டும், விமானத்தில் போவதால் கட்டுச்சோறு கிடையாது. 2026ஆம் ஆண்டில், பெரியவர்கள் திட்டம் வாங்கினால் மூன்று முதல் ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு உணவுத் திட்டம் இலவசம் என்று அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. நாள்தோறும் மிக்கியோடு விருந்து உண்ணத் தயாரென்றால் தயங்காமல் பெரிய திட்டத்தையே வாங்குங்கள் என்று எழுதிவிட்டேன். அறுபதாம் நாள் விடியற்காலையிலேயே எழுந்து விருந்துக்கு இடம் பதியுங்கள். அன்பளிப்புக்குத் தனியே பணம் வையுங்கள். கிளம்பும் நாள் நள்ளிரவுக்குள் சிற்றுண்டி டோக்கன் ஏதும் மிஞ்சியிருந்தால் பொட்டலமாக வருகிற மிட்டாய்களாக வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். இங்கே நாங்கள் இருக்கிறோம்.